குடிமகன் – பெயர்ச்சொல்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர் போனில் சொன்னது இதுதான்: "அக்கா, ஆய்வுக் கட்டுரை எல்லாம் வேண்டாம். அந்த நோட்டைக் கொண்டு வந்து படிங்க, போதும்." முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது ஆறாவது வருடம். இதுவரை ஆய்வேட்டைக் கொடுங்கள், படிக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த நாற்பது ரூபாய் நோட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

நோட்டு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஆய்வு தமிழ் அகராதிகளைப் பற்றியது. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி வரை புரட்டிக்கொண்டிருப்பதுதான் வேலை. பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. சொல் இருக்கும், பொருள் இருக்கும், எந்த இலக்கியத்தில் வருகிறது என்றுகூட இருக்கும். அந்தச் சொல்லை யார் யாரிடம் எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது மட்டும் இருக்காது. அதை நான் தனியாக எழுதத் தொடங்கினேன்.

அன்றாடச் சொற்களுக்கு நையாண்டியாகப் பொருள் எழுதுவது பழைய வழக்கம்தான். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் இப்படி எழுதியவை 1911-இல் 'சாத்தானின் அகராதி' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. பியர்ஸுக்குச் சாத்தான் தேவைப்பட்டது. நமக்கு ஹவுஸ் ஓனரே போதும்.

முதல் பதிவே அங்கேதான் தொடங்கியது. சென்னையில் ஓர் அறைக்காகப் போன் செய்கிறேன். வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடித்தாயிற்று. "சைவம்தானேம்மா?" என்றார் அந்த அம்மா. "வீட்ல நான்வெஜ் சமைக்க மாட்டேங்க" என்றேன். அறை அவசரம், வேறு வழியில்லை. "சமைக்கிறது இல்லம்மா. நீங்க சைவமா?" என்றார். "வெளியில சாப்பிடுறதையும் விட்டுடுறேங்க." கொஞ்ச நேரம் அமைதி. "இல்லம்மா... நீங்க... பிறப்புலயே?" அறை கிடைக்கவில்லை. நோட்டில் முதல் பக்கம் கிடைத்தது:

சைவம்: சாதி கேட்கப் பயன்படும் காய்கறி.

அடுத்தது 'சொந்த ஊர்'. இந்தச் சொல்லை நம்மிடம் தனியாகக் கேட்க மாட்டார்கள், மூன்று கேள்விகளாகக் கேட்பார்கள். சொந்த ஊர் எது? ஓ, விழுப்புரமா, விழுப்புரத்தில் எந்தப் பக்கம்? அட, அங்கேயா, அங்கே எந்தத் தெரு? மூன்றாவது கேள்விக்குப் பிறகு முகத்தில் ஒரு நிம்மதி வரும். நாம் யாராக இருந்தாலும் அந்த நிம்மதி வரும், கவனித்திருக்கிறீர்களா? வினாத்தாள் மூன்றே கேள்வி, கட்ஆஃப் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நோட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் படிக்கிறேன்.

தகுதி: தாத்தா சேர்த்து வைத்ததற்குப் பேரன் வைத்த பெயர்.

ஃபெல்லோஷிப்: கடன் வாங்கி ஆய்வை முடித்த பிறகு வந்து சேரும் வாழ்த்துச் செய்தி.

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே": பாராட்டு. வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும்.

"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?": சொந்தத்துக்குள் பெண் எடுத்தவர், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைச் சொந்தக்காரரிடம் கேட்பது.

சாதி தடையில்லை: மணமக்கள் விளம்பரத்தில் வருவது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள், தடை இருக்கும்.

நடுநிலை: இரண்டு விதமான டம்ளர் வைத்திருக்கும் கடையில் உட்கார்ந்து, டீ நன்றாக இருக்கிறது என்று சொல்வது.

பேப்பர் கப்: தீண்டாமையைக் குடித்து முடித்ததும் குப்பையில் போடும் வசதி. கழுவுகிற வேலை மிச்சம்.

கூண்டு: இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவராக இருந்தவரைக் கம்பிக்குள் வைத்து, அதை மீறுகிறவர்களைக் கம்பிக்கு வெளியே விட்டிருக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே காணக் கிடைக்கும்.

சிரிக்கிறீர்கள். நல்லது. எனக்கும் இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வரும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த இரவில் தூங்குவதற்கு இது உதவும், அனுபவத்தில் சொல்கிறேன்.

'காலனி' என்ற சொல்லுக்கு மட்டும் என்னால் ஒரே பொருள் எழுத முடியவில்லை. சென்னையில் ஒரு காலனி இருக்கிறது, அதன் பெயரைச் சொன்னால் வாடகை கூடும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலனி இருக்கிறது, அதன் பெயரைச் சொன்னால் வாடகைக்கே வீடு கிடைக்காது. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் ஒன்றுதான். வெள்ளைக்காரன் 1947-இல் ஒரு காலனியைக் காலி செய்துவிட்டுப் போனான். மற்ற காலனிகள் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி அப்படியே இருக்கின்றன. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல்லை நீக்குவோம் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு, சந்தேகமே இல்லை. என் சான்றிதழ்களில் முகவரி என்ற இடத்தில் அந்தச் சொல் இருந்ததால் எத்தனை மேசைகளின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அறிவிப்பு வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "சரி, பஸ்ஸு உள்ள வருமாமா?" என்று கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

'பொது' என்பதும் அப்படித்தான். பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை. பொதுப் பாதை என்பதற்கு, 'பிணம் வரும்வரை பொது' என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் மிகையோ என்று எனக்கே தோன்றியது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிறகு, மிகை என்று நான் போட்டிருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரு போட்டியாளர் உண்டு. அவர் அரசாங்கம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் மலம் அள்ளுபவர் யார் என்று அதன் இரண்டாவது பிரிவு வரையறுக்கிறது. வரையறைக்குக் கீழே ஒரு விளக்கம் வருகிறது: ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். கையுறை போட்டால் கை இல்லை என்று ஆகிவிடுகிறது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்குவதற்கு அதே சட்டத்தில் வேறு பெயர்: 'அபாயகரமான துப்புரவு'. 2021-இல் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, கையால் மலம் அள்ளியதால் ஏற்பட்ட மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. செத்தவர்கள் உண்டு, அவர்கள் இன்னொரு வரையறைக்குள் செத்தவர்கள். இப்படி ஒரு பதிவை எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அதே நேரத்தில், வரையறை கொடுக்காமலே விட்ட ஒரு சொல்லும் நம் சட்டத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள், 'தீண்டாமை' என்ற சொல் மேற்கோள் குறிக்குள் இருக்கும். அப்படி என்றால் என்ன என்று எங்கேயும் விளக்கம் கிடையாது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, சொல்லுக்குப் பொருள் கொடுக்கவில்லையே என்று கே.டி. ஷா கேட்டார். அப்படியேதான் நிறைவேறியது. பின்னர் மைசூர் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த மேற்கோள் குறியை வைத்தே விளக்கம் சொன்னது: அந்தச் சொல்லை நேர்ப்பொருளிலோ இலக்கணப் பொருளிலோ எடுக்கக் கூடாது, இந்த நாட்டின் வரலாற்றில் வளர்ந்த வழக்கமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அகராதி ஆய்வாளராக எனக்கு இது ரொம்பப் பிடித்த தீர்ப்பு. அகராதியைத் திறந்து பார்க்காதே, தெருவைத் திறந்து பார் என்று ஒரு நீதிமன்றம் சொல்கிறது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, வாராவாரம் செய்த வேலைகளில் ஒன்று சொற்களுக்குப் பொருளை மாற்றி எழுதியது. யதார்த்த பிராமணர் வேறு, வேஷ பிராமணர் வேறு என்று பிரித்தார் பாருங்கள், ஒரே ஒரு அடைமொழியில் மொத்த ஆட்டத்தையும் மேடை நாடகமாக்கிவிட்டார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாம் இன்றைய மொழியியலில் நிற்காது, என் துறையில் இருப்பவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கில அகராதியில் ஏற்றிவிட்டிருந்த காலம் அது. கட்டுமரமும் சுருட்டும் போன அதே கப்பலில் போன சொல். அதற்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, உன் அகராதி செல்லாது என்று எழுதிக்கொண்டிருந்தார். பிறகு 1922-இல், எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் வந்தது.

உங்கள் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நான் பள்ளியில் படிக்கும்போது பேப்பரில் 'கௌரவக் கொலை' என்றுதான் போடுவார்கள். மகளைக் கொன்றவருக்குக் கௌரவம் இருந்ததாக அந்தச் சொல்லே சாட்சி சொல்லும். இயக்கத் தோழர்கள்தான் ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு துண்டறிக்கையிலும் அதை 'ஆணவக் கொலை' என்று எழுதினார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டபோது, நிறைய பேர் அந்தச் சொல்லைப் பழகியிருந்தார்கள். இன்று டிவியில் செய்தி வாசிப்பவரே ஆணவக் கொலை என்கிறார். சொல் மாறியதால் அரிவாள் நின்றுவிடவில்லை. ஆனால் அரிவாள் பிடித்தவருக்கு மொழி கொடுத்து வந்த சலுகை போனது.

இதுவரை பேசியதோடு முடித்திருந்தால் நல்ல கூட்டமாக இருந்திருக்கும். கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் இன்னொரு பதிவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

போன வருடம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இந்த நோட்டைப் படித்துக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நம் தோழர்கள். 'கு' வரிசையில் ஒரு பதிவு:

குடிமகன்: மாலையில் டாஸ்மாக் வரிசையில் நின்று அரசாங்கத்தை நடத்துபவர்.

பழைய நகைச்சுவைதான். தமிழில் ஜோக் எழுதுகிற எல்லோரும் ஒரு முறையாவது எழுதியிருப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முதுகலை முதலாமாண்டு தம்பி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்: "எங்க ஊர்ல குடிமகன்னா எங்க அப்பாவைத்தான்க்கா சொல்லுவாங்க."

எனக்குப் புரியவில்லை. அப்பா குடிப்பாரோ என்று நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அகராதி ஆய்வாளர்!

அவர் புதிரை வண்ணார் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்பா சேரிக்குத் துணி வெளுப்பவர். சாவு விழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது பெயரைச் சொல்லி அல்ல, "குடிமகனை வரச் சொல்லு" என்று. "ஊர்க்காரங்க கூப்பிடுறது இல்லக்கா. நம்ம காலனிக்காரங்கதான்" என்றார். 'உங்க' என்று சொல்ல வந்து, 'நம்ம' என்று மாற்றினார். நான் கவனித்தேன்.

மறுநாள் நூலகத்தில் போய் எடுத்துப் பார்த்தேன். நான் தினமும் புரட்டுகிற அதே அகராதிகள். 'குடிமக்கள்' என்ற சொல்லுக்கு, ஊருக்கு ஊழியம் செய்யும் சாதிகள் என்ற பொருள் அங்கே இருக்கிறது. பதினெண் குடிமக்கள் என்று ஒரு பட்டியலே உண்டு: வண்ணார், நாவிதர், குயவர், கொல்லர், தச்சர் என்று போகும். அந்தப் பதினெட்டில் என் சாதியும் இருக்கிறது. ஊருக்கு நாங்கள் குடிமக்கள், எங்களுக்கு அந்தத் தம்பியின் அப்பா குடிமகன். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அது என் 'கு' வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. இந்தியக் குடியுரிமையைப் பற்றித் தமிழில் எழுதியவர்களும் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். ஊழியக்காரரைக் குறித்த சொல் நாட்டுக்கு உரிமையுள்ளவரைக் குறிக்க வந்தது, எவ்வளவு பெரிய மாற்றம்! மேலே மாறிய அந்தச் சொல் கீழே வந்து சேரவில்லை. தம்பியின் அப்பாவிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது. சாவு வீட்டில் அதைக் காட்ட முடியாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் தெருவுக்கு ஓர் அம்மா வருவார். நான் நாலாவது, ஐந்தாவது படித்த காலம். காலையில் அழுக்குத் துணி எடுக்க வருவார், பொழுது சாய்ந்ததும் ராச்சோறு வாங்க வருவார். வாசலுக்கு வெளியே நின்று "சாமி" என்று குரல் கொடுப்பார். உலகத்தில் எங்களை 'சாமி' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். எங்கள் ஆயா வெளியே வந்து, கை படாமல், உயரத்திலிருந்து குண்டானில் சோற்றைக் கொட்டும். ஆயா கெட்டவள் இல்லை, நோன்புக்கு அந்த அம்மாவுக்குப் புதுச் சேலைகூட எடுத்துக் கொடுக்கும். ஆனால் எங்கள் வீட்டு எரவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருந்தது. அந்த அம்மா வந்தால் மட்டும் அதை எடுத்துக் கழுவி நீட்டுவோம். கழுவுவதுகூட அவரேதான். நாங்கள் ஊற்றுவோம்.

டீக்கடை டம்ளருக்கும் பேப்பர் கப்புக்கும் பொருள் எழுதிய இந்த நோட்டில் அந்த அலுமினிய டம்ளர் இல்லை. ஆறு வருடம் எழுதியிருக்கிறேன், ஒரு வரியும் இல்லை.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, டாஸ்மாக் ஜோக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "அதை அடிச்சிடாதீங்க, கீழ இதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். அடிக்கவில்லை. அதன் கீழே சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பேரகராதியில் எல்லாப் பொருளுக்கும் மேற்கோள் காட்டுவார்கள், யார் எங்கே ஆண்டது என்று. எனக்கு மேற்கோளாக அந்த அம்மா இருக்கிறார். அவர் பெயரை எழுதலாம் என்று பார்த்தால், பெயர் தெரியவில்லை. வண்ணாத்தி என்றுதான் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம், எட்டு வயதுப் பிள்ளையான நான் உட்பட, 'வா, போ' என்று.

அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "பேரா?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இரு, எதிர்வீட்டு அத்தையைக் கேட்டுச் சொல்றேன்." மறுநாள் பேசினார். அத்தைக்கும் தெரியவில்லையாம். தெருவில் நாலு வீட்டில் கேட்டிருக்கிறார். அந்த அம்மா இறந்து பல வருடமாகிறதாம், பிள்ளைகள் பெங்களூர் பக்கம் போய்விட்டார்களாம். "பேரு வச்சு யாருடி கூப்பிட்டா அத" என்று சொல்லிவிட்டு, "அவங்கள" என்று அம்மாவே திருத்திக்கொண்டார்.

இதுதான் அந்தப் பக்கம். குடிமகன் என்று எழுதி, ஒன்று என்று இலக்கம் போட்டு டாஸ்மாக் ஜோக் இருக்கிறது. இரண்டு என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். நேற்றுக்கூட அம்மா பேசினார், பக்கத்து ஊரில் அந்த அம்மாவின் தங்கச்சி வீடு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அங்கேயும் பஸ் உள்ளே போகாது, நடந்துதான் போக வேண்டும்.